கறுப்பு வெள்ளை அச்சுக்கு எஸ் வளைவு எதற்கு?

கறுப்பு வெள்ளைப் படத்தைத் திருத்தச் சொல்லித்தரும் எந்தக் காணொளியைத் திறந்தாலும், கர்வ்ஸ் வந்ததும் ஒரே பாடம்தான். மூலைவிட்டக் கோட்டில் கீழே ஒரு புள்ளி வைத்துக் கொஞ்சம் இறக்கு, மேலே ஒரு புள்ளி வைத்துக் கொஞ்சம் ஏற்று. கோடு எஸ் மாதிரி வளைகிறது, படம் பளிச்சென்று ஆகிறது, பாடம் முடிந்தது. மானிட்டரோடு நின்றுவிடும் படத்துக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. அதே படத்தைத் தாளில் அச்சிடப்போகிறீர்கள் என்றால் நிலைமை மாறுகிறது. கறுப்பு வெள்ளை அச்சுக்கு, அதிலும் மேட் தாளுக்கு, அதிலும் நம் ஊர் முகங்களுக்கு, இந்த எஸ் வளைவு பெரும்பாலும் தவறான தொடக்கம் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. ஆளுக்கு ஆள் மாறும் ரசனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டே காட்டலாம்.

முதலில் அந்தக் கோடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கர்வ்ஸ் பெட்டியில் கிடையாக இருப்பவை படத்தில் ஏற்கெனவே உள்ள சாயல்கள், செங்குத்தாக இருப்பவை அவை மாறப்போகும் சாயல்கள். கோடு எங்கே விறுவிறுவென்று ஏறுகிறதோ அங்குள்ள சாயல்களுக்கிடையே வித்தியாசம் கூடும். எங்கே படுத்துக்கொள்கிறதோ அங்கே வித்தியாசம் குறையும். கறுப்பு முனையும் வெள்ளை முனையும் தத்தம் மூலையில் நிற்கும்வரை கோட்டின் சராசரிச் சரிவு ஒன்றுதான். நடுவில் சரிவை 1.4 ஆக்கினால் அந்தக் கூடுதல் வேறு எங்கோ கழிந்தே தீரும். குட்டைப் போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே வருவது மாதிரி. எஸ் வளைவு நடுச்சாயல்களுக்குக் கொடுப்பதற்காக நிழல் முனையிலும் வெளிச்ச முனையிலும் எடுக்கிறது. கான்ட்ராஸ்ட் ஸ்லைடரும் உள்ளுக்குள் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது, எங்கிருந்து எடுக்கிறது என்று மட்டும் காட்டுவதில்லை. கர்வ்ஸ் அந்த வரவையும் செலவையும் நம் கண்முன் வைக்கிறது. அதனால்தான் ஸ்லைடரை விட்டுவிட்டு அதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

நிழலிலிருந்து எடுப்பது ஏன் தாளில் இவ்வளவு உறைக்கிறது? தாளின் கறுப்பு உண்மையில் கறுப்பு இல்லை என்பதுதான் காரணம். அச்சில் கறுப்பை அடர்த்தி என்ற அளவால் சொல்வார்கள். அடர்த்தி 2.0 என்றால் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். நல்ல பரைட்டா தாளிலோ பளபளப்புத் தாளிலோ, நிறமி மையால் அச்சிடும்போது 2.3 போல எட்டலாம், அதாவது அரை சதவீத ஒளி. பருத்தி மேட் தாளில் அதே அச்சுப்பொறி 1.6, 1.7 என்ற அளவிலேயே நின்றுவிடும், அதாவது இரண்டு சதவீதத்துக்கும் மேலான ஒளி. தாளின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதமாகச் சொன்னால் பளபளப்புத் தாளில் இருநூறு மடங்கை ஒட்டியும், மேட் தாளில் நாற்பது சொச்சம் மடங்குமாக வருகிறது. நாம் உட்கார்ந்து திருத்துகிற மானிட்டரோ ஆயிரம் மடங்கு காட்டுகிறது.

இதைக் கண் உணரும் அளவில் பார்த்தால்தான் இழப்பு எங்கே விழுகிறது என்று புரியும். அதற்கு 1976-ல் சி.ஐ.இ. ஆணையம் வகுத்த எல்-ஸ்டார் என்ற அளவுகோல் இருக்கிறது. முழுக் கறுப்பு 0, வெள்ளை 100, 18 சதவீதச் சாம்பல் ஏறத்தாழ 50. மேட் தாளின் ஆழ்ந்த கறுப்பு இந்த அளவில் 17-ஐ ஒட்டி இருக்கிறது. மானிட்டரில் 0 முதல் 17 வரை நீங்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய இருள் அந்தத் தாளில் இல்லவே இல்லை. மென்பொருள் அதை அப்படியே வெட்டாமல், கறுப்பு முனை ஈடுகட்டல் என்ற வசதியால் எல்லாச் சாயல்களையும் நெருக்கித் தாளுக்குள் அடக்குகிறது. அந்த நெருக்கல் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. கறுப்பின் அடர்த்தியை 1.65 என்று வைத்துக் கணக்குப் போட்டால், மானிட்டரில் 30-க்கும் 50-க்கும் இடையே இருந்த 20 படிகள் தாளில் 17-க்குச் சற்று மேலாக மிஞ்சுகின்றன. 20 முதல் 30 வரையிலான 10 படிகள் ஏழரை ஆகின்றன. 0 முதல் 10 வரையிலான 10 படிகள் ஐந்துகூட இல்லை. பளபளப்புத் தாளில் இதே கடைசிப் பத்து கிட்டத்தட்ட ஒன்பதாக மிஞ்சும்.

இப்போது இந்த நெருக்கலுக்கு முன்பாக ஒரு எஸ் வளைவைப் போட்டுப் பாருங்கள். அதன் நிழல் முனையில் சரிவு 0.6 என்று வைத்துக்கொள்வோம், இது அதீதமான வளைவில்லை. 0 முதல் 10 வரை இருந்த நிழல் முதலில் 0 முதல் 6 என்று சுருங்குகிறது, பிறகு மேட் தாளுக்குள் போய் மூன்று படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பத்து படி நிழலில் மூன்றுதான் கைக்கு வருகிறது. மாறாக அந்த இடத்தில் சரிவை 1.5 ஆக்கி நிழலைத் திறந்துவிட்டால் ஏழு படிகளுக்கு மேல் தாளில் நிற்கும். இரண்டு அச்சுகளிலும் தாள் அதே, மை அதே, ஆழ்ந்த கறுப்பும் அதே. ஒன்றில் புடவை மடிப்பு தெரியும், மற்றொன்றில் மைதான் தெரியும். தாள் எந்த இடத்தில் ஏற்கெனவே ஏழையாக இருக்கிறதோ அதே இடத்தில் கைவைக்கிறது எஸ் வளைவு.

நிழலில் நாலைந்து படி போனால் என்ன, முகமும் வானமும்தானே முக்கியம் என்று கேட்கலாம். ஈஸ்ட்மன் கோடக் ஆய்வகத்தில் லாய்ட் ஜோன்ஸ் என்பவர் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டது இதற்கு நேர் பதில். ஒரே காட்சியை வெவ்வேறு அளவு ஒளிபட எடுத்து, ஒவ்வொரு நெகட்டிவிலிருந்தும் முடிந்த அளவு நல்ல அச்சைப் போட்டு, பலரிடம் காட்டித் தரம் பிரிக்கச் சொன்னார்கள். எந்த நெகட்டிவிலிருந்து முதன்முதலாக அருமையான அச்சு கிடைக்கிறது என்பதை முடிவுசெய்தது நிழல்தான். நிழலின் கடைக்கோடியில் சரிவு, நெகட்டிவின் சராசரிச் சரிவில் குறைந்தது 0.3 பங்காவது இருக்கவேண்டும் என்ற அளவுகோல் அதிலிருந்து வந்தது. 1943-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு ஃபிலிம் வேகத்துக்கு வகுத்த விதிக்கும் அதுவே அடிப்படை. அச்சு நன்றாக இருக்கிறது என்று பார்ப்பவர் சொல்வதில் நிழலின் பிரிவுக்கு அவ்வளவு பங்கு இருந்தது. தாங்கள் நிழலைத்தான் பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

முகத்துக்கு வருவோம், என் கவலையின் பெரும்பகுதி அங்கேதான். 1940-ஐ ஒட்டி ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஜோன் சிஸ்டத்தில் சாயல்களைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். வெயிலில் வெள்ளையர் முகத்தை ஆறாம் மண்டலத்திலும், கருந்தோலை ஐந்திலும் ஆடம்ஸ் வைத்தார். வழக்கமான எஸ் வளைவு அசையாமல் திரும்புகிற இடமும் ஏறத்தாழ அந்த ஐந்துதான். ஆறாம் மண்டலத்து முகத்தை அது மேலே தூக்கி ஒளியூட்டுகிறது. ஐந்தில் இருக்கும் முகத்தின் வெளிச்சப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நான்கிலும் மூன்றிலும் இருக்கிற நிழல் பக்கத்தைக் கீழே தள்ளுகிறது. கண்குழி, மூக்கின் ஓரம், தாடைக்கீழ், கழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கருங்கூந்தலும் எண்ணெய் ஏறிய கருங்கல் சிலையும் அதற்கும் கீழே. ஒரே வளைவு ஒரு முகத்துக்கு ஒளியாகவும் இன்னொரு முகத்துக்குக் கரியாகவும் போய்ச் சேர்வதை நாம் இவ்வளவு காலம் கேள்வி கேட்காமல் பின்பற்றியிருக்கக் கூடாது. கறுத்த முகத்தை ‘வெளுக்க’ வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுச்சாயலை ஏற்றித் தோலை வெளுப்பது வேறு, அந்தக் கறுப்புக்குள்ளேயே இருக்கிற ஏற்ற இறக்கங்களைப் பிரித்துக் காட்டுவது வேறு. முன்னது பொய், பின்னது அந்த முகத்துக்கு நாம் பட்ட கடன்.

இதைச் செய்துகாட்டியவர் நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த ராய் டிகராவா. 1955-ல் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸின் எழுத்தோடு ஹார்லெம் பற்றிய அவருடைய படப் புத்தகம் வந்தது. அவருடைய வெள்ளி அச்சுகள் மிகவும் இருண்டவை, ஆனால் கான்ட்ராஸ்ட் குறைந்தவை. கறுப்பின மக்களின் முகங்களும் மாடிப்படிகளும் இரவுக் கூடங்களும் அடர்சாம்பலின் பல படிகளில் விரிகின்றன. தூய வெள்ளைக்கு அவர் பெரிதாகச் செலவழிக்கவே இல்லை. படத்தின் உயிர் இருட்டில் இருந்தால் கையிருப்பு முழுவதையும் இருட்டுக்கே கொடுத்துவிடலாம் என்பதற்கு அந்த அச்சுகளே சாட்சி.

இனி மறுப்புகள். ஃபிலிமின் வளைவே எஸ்தானே என்பதுதான் முதலில் வரும். உண்மைதான். 1890-ல் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும் இங்கிலாந்தின் விட்னெஸில் இருந்துகொண்டு முதன்முதலாக வரைந்து காட்டிய வளைவுக்கு, இரு முனையிலும் படுத்துக்கொள்ளும் காலும் தோளும் உண்டு. வெள்ளித் தாளின் வளைவுக்கும் உண்டு. ஆனால் ஃபிலிமில் தேர்ந்தவர்கள் அந்தக் காலை விரும்பி ஏற்கவில்லை, அதிலிருந்து தப்பிக்கவே பாடுபட்டார்கள். நிழலைக் கணக்கில் வைத்து ஒளிபட எடு என்ற இருட்டறைப் பாடத்தின் பொருளே, முக்கியமான நிழலை வளைவின் காலிலிருந்து தூக்கி நேர்ப்பகுதியில் உட்காரவை என்பதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் சென்சார் நேர்கோட்டில்தான் பதிவுசெய்கிறது. ரா கோப்பைத் திறக்கும்போதே பெரும்பாலான மென்பொருள்கள் கண்ணுக்கு இதமாக ஒரு வளைவைப் போட்டுத்தான் நமக்குக் காட்டுகின்றன. அதன்மேல் நாம் ஒரு எஸ், அதன்மேல் தாளின் நெருக்கல். நிழல் மூன்று தடவை வரி கட்டுகிறது.

அடுத்த மறுப்பு, ஐ.சி.சி. புரொஃபைல் எதற்கு இருக்கிறது, மானிட்டரைச் சரியாக அளந்து அமைத்து, தாளுக்கான புரொஃபைலைப் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளாதா என்பது. புரொஃபைல் அவசியம், அது இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதற்கும் அர்த்தம் கிடையாது. ஆனால் அதற்குத் தாளைத் தெரியும், படத்தைத் தெரியாது. திருமணப் படத்தில் மணமகளின் கூந்தலும் கடற்கரைப் படத்தில் யாருக்கும் வேண்டாத படகு நிழலும் ஒரே எண்ணாக இருந்தால் இரண்டையும் ஒரே மாதிரிதான் நெருக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு படத்தைப் பார்க்கிறவருடையது, அதை எழுதி வைக்கிற இடம் கர்வ்ஸ். அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபை மென்பொருளில் போட்டு, தாளின் வெள்ளையையும் மையின் கறுப்பையும் காட்டச் சொன்னால் படம் சட்டென்று சோர்ந்து வெளுத்ததுபோல் தெரியும். பலர் அதைப் பார்த்துப் பயந்து அணைத்துவிடுகிறார்கள், அல்லது பழைய பளிச்சைத் திரும்பப் பெற இன்னும் ஒரு எஸ் போடுகிறார்கள். அந்தச் சோர்வுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, மென்பொருளின் மற்றச் சன்னல்களை மறைத்துவிட்டுக் கண் பழகும்வரை பொறுத்திருந்து, பிறகு வளைவைத் தொடவேண்டும்.

மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன். கரிய கறுப்பும் வெட்ட வெளுப்பும் ஒரு அழகியல் இல்லையா? பில் பிராண்ட் பிற்காலத்தில் தன் படங்களைக் கடும் கான்ட்ராஸ்டில் அச்சிட்டார். அறுபதுகளின் இறுதியில் ஜப்பானில் டைடோ மோரியாமா போன்றவர்கள் நிழலைக் கருகவிட்டதே அந்தப் படங்களின் பேச்சு. அவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. நிழலுக்குள் எதுவும் தெரியக்கூடாது என்று தீர்மானித்துவிட்டவருக்கு நிழல் படிகளைச் செலவழிப்பதில் நட்டமில்லை. பழக்கத்தால் போட்ட எஸ் வளைவு அந்தத் தீர்மானத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். பளபளப்புத் தாளில் அச்சிடுகிறவருக்கும் என் வாதம் பாதிதான் பொருந்தும், அங்கே கறுப்பு ஆழமாக இருப்பதால் எஸ் வளைவின் சேதம் குறைவு. பனிமூட்டக் காட்சி மாதிரி சாயல்கள் எல்லாம் நடுவிலேயே குவிந்து கிடக்கும் படத்துக்கு எஸ் வளைவு நியாயமானதும்கூட, அங்கே முனைகளில் இழக்க ஒன்றுமே இல்லை.

அப்படியானால் எப்படி வரைவது? இரண்டு வேலைகளை இரண்டு வளைவுகளாகப் பிரித்துவிடுங்கள். முதல் லேயர் படத்துக்கானது: எந்தச் சாயல்கள் இந்தப் படத்தின் உயிர், எவை போனால் பரவாயில்லை என்ற முடிவு. இரண்டாவது லேயர் தாளுக்கானது, தாள் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும். தாளுக்கான வளைவை ஊகத்தில் வரையக் கூடாது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக ஏறும் 21 கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை அதே தாளில், அதே புரொஃபைலோடு அச்சிடுங்கள். மை காய்ந்து நிலைக்கவிட்டு, படம் மாட்டப்போகிற இடத்தின் வெளிச்சத்திலேயே பாருங்கள். அச்சுக்கூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3664 தரம் நுணுகிப் பார்க்க 2000 லக்ஸும், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸும் சொல்கிறது. வீட்டுச் சுவரில் பொதுவாக அதைவிடக் குறைவுதான், வெளிச்சம் குறையக் குறைய முதலில் ஒன்றோடொன்று கரைவது நிழல் கட்டங்களே. 100-க்கும் 95-க்கும் வித்தியாசம் தெரியாமல் 90-தான் முதலில் பிரிந்து தெரிகிறது என்றால், உங்கள் முக்கியமான நிழல் எதுவும் 90-ஐவிட இருண்டுவிடக்கூடாது. கறுப்பு முனையை மூலையிலேயே விட்டுவிட்டு, அதற்கு அடுத்த புள்ளியை மேலே தூக்குங்கள், கோடு கறுப்பிலிருந்து விறுவிறுவென்று கிளம்பட்டும். முனையையே தூக்கினால் கறுப்பு சாம்பலாகிப் படம் சாயம்போன துணி மாதிரி ஆகிவிடும், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. தூக்கிய செலவை எங்கே ஈடுகட்டுவது? வெறும் வானம் உள்ள படமென்றால் வெளிச்சப் பகுதியில். வெள்ளை வேட்டியின் நெசவு முக்கியமென்றால் நடுவில். பளபளப்புத் தாளில் மட்டும் வெள்ளை முனையை ஒரு துளி கீழே இறக்கிவைப்பது நல்லது, மை படாத வெறுந்தாள் பக்கவாட்டில் பார்க்கும்போது வேறு பளபளப்போடு திட்டாகத் தெரியும். எல்லாவற்றையும் 16 பிட்டில் செய்யுங்கள். 8 பிட்டில் இருப்பது 256 படிகள்தான், நிழலை இழுக்கும்போது இடைவெளி விழுந்து பட்டை பட்டையாகத் தெரியும்.

வளைவால் முடியாததும் உண்டு. ஒரே சாம்பலாக இருக்கும் இரண்டு இடங்களை எந்த வளைவாலும் பிரிக்க முடியாது, ஒரு சாயலுக்கு ஒரு விடைதான் அதனிடம் இருக்கிறது. சிவப்புப் புடவையும் பச்சை இலையும் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போதே ஒன்றாகிவிட்டால் பிறகு கர்வ்ஸில் தேடிப் பயனில்லை, வண்ணச் சேனல்களைக் கலக்கும் கட்டத்திலேயே திரும்பிப் போகவேண்டும். நம் தோலுக்கும் அதுதான் முதல் வாய்ப்பு. மாநிறத் தோல் சிவப்புச் சேனலில் வெளிச்சமாகவும் நீலத்தில் இருண்டும் பதிவாகும், நீலத்தை அதிகம் கலந்துவிட்டு நிழலை வளைவால் மீட்கப் போராடுவது வீண் வேலை. இடத்துக்கு இடம் வேறு சிகிச்சை வேண்டுமென்றால் மாஸ்க் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவு உதிக்கும் படத்தில், வானத்தை அச்சுக்கு அச்சு கையால் இருட்டிக்கொண்டே போனார். முன்புறம் மெலிந்திருந்ததால் 1948-ல் நெகட்டிவின் அந்தப் பகுதியையே வேதிப்பொருளால் அடர்த்தியாக்கினார். தாளின் கான்ட்ராஸ்ட் தரத்தால் தீராததை இடம் பார்த்துத் தீர்த்தார். மாஸ்க்குக்குள்ளும் நாம் போடுவது ஒரு வளைவைத்தான் என்பதால் மேலே சொன்ன கணக்கு அங்கேயும் மாறுவதில்லை.

பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூஸ்பிரிண்டில் மை பரவி, 50 சதவீதப் புள்ளி 75 சதவீதத்தை ஒட்டிப் போய் நிற்கும். அங்கே கறுப்பும் மேட் தாளைவிட வெளிறியது. எஸ் வளைவு போட்ட கறுத்த முகம் அந்தத் தாளில் என்னவாகும் என்பதை நாளிதழ்களின் இரங்கல் பக்கங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அச்சகத்தில் அவர்களுடைய புள்ளிப் பெருக்கம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள், நடுச்சாயலையும் அதற்குத் தகுந்தபடி திறந்து அனுப்புங்கள். மற்றவர்கள் அடுத்த படத்தை அச்சிடுமுன், எஸ் வளைவோடு ஒன்றும் நிழலைத் திறந்த வளைவோடு ஒன்றுமாக அஞ்சலட்டை அளவில் இரண்டு அச்சு எடுத்து, மாட்டப்போகும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, படத்தில் இருப்பவரையே கூப்பிட்டு எது தன் முகம் என்று கேளுங்கள்.